அபூ நோம் நிலம் உழுத கதை

பெத்லகேம் பக்கத்துக் கஃப்ர் லோஸ் ஊருக்குள் வந்து முத்லக் வீடு எங்கே என்று கேட்டால், கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அபூ நோமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அபூ நோம் என்றால் தூக்கத்தின் அப்பன். மூத்த மகன் பெயர் கரம் என்பதால் முறைப்படி அவனை அபூ கரம் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் கரம் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பே ஊர் அவனுக்கு அப்பன் பட்டம் கொடுத்துவிட்டது.

பிறந்ததே தாமதம். நாள் கடந்து பதினெட்டாம் நாள்தான் வெளியே வந்தான். மருத்துவச்சி இரண்டு முறை வந்து, காத்திருந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாவது முறை ஆள் அனுப்பியபோது, "அவன் முழிச்சதும் சொல்லி அனுப்புங்க" என்றாளாம். இதை அவன் தாயாரே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லி வைத்ததால், இன்றுவரை யாராலும் மறுக்க முடியவில்லை.

இருபது வயதில் டெல் அவீவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். நாலாவது மாடியில் புதிதாகப் பொருத்திய குளியல் தொட்டிக்குள் அவன் தூங்கிக்கொண்டிருந்ததை மேஸ்திரி மூன்றாம் நாளே கண்டுபிடித்தார். வேறு ஒருவனாக இருந்தால் துரத்தியிருப்பார். இவனை ராக்காவலுக்கு மாற்றினார். எப்படியும் சிமென்ட் மூட்டை மேல்தான் படுப்பான், திருடன் மூட்டையைத் தூக்கினால் இவனும் கூடவே போவான் என்பது அவர் கணக்கு. எட்டு வருஷம் அங்கே இருந்தான். சம்பாதித்ததில் மிச்சம் ஒன்றும் இல்லை, எபிரேய மொழி மட்டும் சரளமாக வந்தது.

ஒருமுறை ராணுவம் ஆள் மாற்றி இவனைப் பிடித்துக்கொண்டு போனது. தேடியது வேறு ஊர் முத்லக்கை. தூங்கவிடாமல் நிற்க வைத்து விசாரிப்பது அங்கே வழக்கம். நம் ஆள் நின்றபடியே தூங்கினான். தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள், நன்றி சொல்லிவிட்டு மறுபடி தூங்கினான். பதினோரு நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வாயைத் திறக்காத வீரன் என்று ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த மரியாதை சரியாக ஒரு வாரம் நீடித்தது. எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் ஒலிவ அறுவடைக்கு உதவி கேட்டபோது, இடுப்புவலி என்று சொல்லிப் படுத்துவிட்டான்.

இங்கே அவ்னா என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உன் அறுவடைக்கு நான் வருவேன், என் உழவுக்கு நீ வர வேண்டும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. ஊரில் எல்லோரும் இப்படித்தான் நிலத்தைச் சமாளிக்கிறார்கள். முத்லக் மட்டும் நாற்பது வருஷமாக ஓர் அவ்னாவுக்கும் போனதில்லை. இடுப்புவலி ஒரு வருஷம் இடப்பக்கம் வரும், மறுவருஷம் வலப்பக்கம். அது செல்லுபடியாகாமல் போனபோது அம்மான் நகரத்தில் இருக்கும் அத்தையை வாயாலேயே கொன்றான். ஒரே அத்தையை மூன்று அறுவடைகளில் மூன்று முறை அடக்கம் செய்தவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

இப்படிப்பட்டவனுக்கு ஸப்ஹா மனைவியாக வாய்த்தாள். காலையில் மருத்துவ நிலையத்தில் தரை துடைப்பாள், மதியம் வீட்டு வேலை, சாயங்காலம் ஊறுகாய் போட்டு விற்பாள். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கணவனிடம் அவள் மரியாதை குறைத்துப் பேசியதும் இல்லை.

"எந்திரிங்க அபூ கரம்," என்பாள். "சூரியன் உங்களப் பாக்கணும்னு காத்திருந்து காத்திருந்து இறங்கவே ஆரம்பிச்சிருச்சு."

முத்லக்கிற்கு அப்பா விட்டுப்போன நிலம் ஒன்று உண்டு. ஷஃபா என்று பெயர். ஊருக்கு மேற்கே சரிவில் இருபது தூனம், அதாவது ஐந்து ஏக்கர். அப்பா காலத்தில் பார்லியும் பருப்பும் விளைந்தன. நடுவில் ஓர் அத்தி மரம், அதன் அடியில் ஒரு மெத்தை. வீட்டில் படுத்தால் ஸப்ஹாவின் குரல் கேட்கும் என்பதால் முத்லக் தினமும் அங்கே போய்ப் படுத்தான். ஊரில் எவனும் தன் நிலத்தில் இத்தனை மணி நேரம் இருந்ததில்லை என்று பெருமை வேறு.

குன்றின் உச்சியில் யூதர்களின் குடியிருப்பு நாற்பது வருஷமாக இருக்கிறது. சிவப்பு ஓட்டு வீடுகள், வேலி, விளக்குகள். அதோடு சண்டை உண்டு, ஆனால் அது தூரத்துச் சண்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து ஒருவன் சரிவில் பாதி தூரம் இறங்கி வந்தான். சக்கரம் இல்லாத ஒரு பழைய பஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொடி, நூறு செம்மறி ஆடு. பெயர் யிஷாய். முப்பது வயது, செம்பட்டைத் தாடி, காலில் செருப்பு, தோளில் துப்பாக்கி. தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஆடுகளைப் பத்திக்கொண்டு வருவான்.

"அல்லாஹ் எனக்கு ஒரு எதிரியக் கொடுத்தான், சரி, ஏத்துக்கிறேன்," என்று முடிவெட்டும் கானிமிடம் முத்லக் முறையிட்டான். "ஆனா நாலு மணிக்கு எந்திரிக்கிறவனையா கொடுக்கணும்?"

முதல் முறை இருவரும் பேசிக்கொண்டது அத்தி மரத்தடியில்தான். ஆடுகள் நிலத்துக்குள் நின்று புல் மேய்ந்தன. முத்லக் எழுந்திருக்கவில்லை, ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"இங்க ஏன் படுத்திருக்க?" என்று கேட்டான் யிஷாய்.

"இது என் நிலம்."

"நிலம் வச்சிருக்கிறவன் இப்படியா படுத்துக் கிடப்பான்?"

"அடுத்தவன் நிலத்துலதான்பா காலை நாலு மணிக்கே எந்திரிச்சு ஓடியாடணும். சொந்த நிலத்துல தூங்கலாம்."

"இதை எங்க முன்னோருக்குக் கடவுள் கொடுத்தாரு."

"என் தாத்தா தீர்வை கட்டின சீட்டு எங்கிட்ட இருக்கு. கடவுள் கட்டின சீட்ட நீ எடுத்துட்டு வா, ரெண்டையும் வச்சுப் பாப்போம்."

யிஷாய் சிரிக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஆடுகள் தினமும் வந்தன.

பெத்லகேமில் நிஸ்ரீன் என்று ஒரு வழக்கறிஞர் இருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தப் பக்கத்து ஊர்களின் நில வழக்குகள் எல்லாம் அவள் மேஜையில்தான் குவிந்து கிடக்கின்றன. வருகிற கிழவர்கள் எல்லோரும் அவளுக்கு அம்மோ, அதாவது சித்தப்பா. மூன்று வருஷத்துக்கு முன்பே அவள் முத்லக்கைக் கூப்பிட்டு எச்சரித்தாள்.

"அம்மோ, சட்டம் துருக்கிக்காரன் காலத்துச் சட்டம். உழாமக் கிடக்கிற நிலத்த அரசாங்கம் எடுத்துக்கலாம். வருஷா வருஷம் மேலேயிருந்து போட்டோ எடுக்கிறாங்க. உழுதிருக்கா இல்லையான்னு அதுலதான் பாப்பாங்க. தயவு செஞ்சு உழுதிருங்க."

முத்லக் வீட்டுக்கு வந்து, படுத்துக்கொண்டு, யோசித்தான். அவன் வாழ்க்கையில் யோசித்ததெல்லாம் படுத்துக்கொண்டுதான். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நிலத்தின் எல்லைதானே முதலில் கண்ணில் படும்? எல்லையைச் சுற்றி நாலு பக்கமும் பதினெட்டடி அகலத்துக்கு உழுதுவிட்டால், ஆள் இருக்கிறான், நிலம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடாதா? உள்ளே எதற்கு வீணாக மாடாய் உழைக்க வேண்டும்? கோவேறு கழுதை ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு நாளில் சுற்றிவர ஓர் உழவு ஓட்டி முடித்தான். முடித்துவிட்டு நடுவில் போய்ப் படுத்தான். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். கானிம் கடையில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தான். ராணுவத்துக்கே தண்ணி காட்டியவன் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

இடையில் ஒரு வசந்த காலத்துக் காலையில் அத்தி மரம் அடியோடு அறுபட்டுக் கிடந்தது. மின்ரம்பத்தால் அறுத்த சுத்தமான வெட்டு. பால் வடிந்து வேர் வரைக்கும் வெள்ளையாக இருந்தது. முத்லக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனான். மூன்று மணி நேரம் வாசலில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தபடி தூங்கினான், பூட்டும் நேரத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். பழத்துக்காக அவன் வருந்தவில்லை. "என் கூரைய வெட்டிட்டான்" என்றுதான் வீட்டில் வந்து சொன்னான். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஸப்ஹா முதல்முறையாக அவனை ஒன்றும் சொல்லாமல் விட்டாள். மறுநாள் வெயிலில் மெத்தையை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தான்.

சென்ற நவம்பரில் நிஸ்ரீன் அவசரமாக வரச் சொன்னாள். ஸப்ஹாவும் கூடப் போனாள். மேஜை மேல் மூன்று பெரிய புகைப்படங்களை வரிசையாக வைத்திருந்தாள் நிஸ்ரீன். மூன்றிலும் ஷஃபா நிலம் வானத்திலிருந்து தெரிந்தது. நாலு பக்கமும் கருப்பாக ஒரு பட்டை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல. உள்ளே மொட்டை.

"படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கு அம்மோ," என்றாள் நிஸ்ரீன். "உள்ள படத்தத்தான் காணோம்."

"எல்லை நல்லாத் தெரியுதுல்ல?"

"ரொம்ப நல்லாத் தெரியுது. அவங்க அளக்க ஆளே அனுப்பலையாம், உங்க கோட்ட வச்சே வரைபடம் போட்டுட்டாங்க. இருபதுல மூணு தூனம் உழுதிருக்கு, பதினேழு தரிசுன்னு எழுதியிருக்கான்."

"அப்ப அந்த மூணு தூனமாவது மிச்சமா?"

"இல்ல. அவங்க கணக்குல பாதிக்கு மேல உழுதிருந்தாத்தான் நிலம் உங்களது. பாதி இல்லைன்னா மொத்தமும் போகும். அந்த மூணும் சேர்த்து."

நிஸ்ரீன் ஒரு படத்தின் நடுவில் விரல் வைத்தாள்.

"இது என்ன, மரத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி? ரெண்டாவதுலயும் இருக்கு. மூணாவதுல மரம் இல்ல, புள்ளி மட்டும் இருக்கு."

முத்லக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தான். "அது நான்தான்," என்றான்.

"மூணு வருஷமும் ஒரே எடத்துல இருக்காரும்மா," என்றாள் ஸப்ஹா. "ஒரு வருஷமாவது புரண்டு படுத்திருக்கலாம்."

நிஸ்ரீன் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். இன்னும் அறிவிப்பு வரவில்லை. டிசம்பர் முடிவில் கடைசியாக ஒரு படம் எடுப்பார்கள். அதற்குள் பாதிக்கு மேல், பதினோரு தூனமாவது உழுதிருந்தால், அவள் வாதாட ஒரு பிடி கிடைக்கும். யிஷாயின் பஸ் நிற்பதால் இந்த வருஷத்திலிருந்து ராணுவம் தேதி கொடுத்தால்தான் அந்தச் சரிவில் ஏர் இறக்க முடியும். அவள் எழுதிப்போட்டு இரண்டு நாள் வாங்கியிருக்கிறாள். டிசம்பர் பதினாறு, பதினேழு. டிராக்டர் கூடாது, கொண்டுபோனால் பறிமுதல்.

"ரெண்டு நாள்ல பதினோரு தூனம்," என்றான் முத்லக். "கழுதைய வச்சு."

"ஒத்த ஆளா முடியாது அம்மோ. ஊர்க்காரங்கள அவ்னாவுக்குக் கூப்பிடுங்க. வருவாங்கல்ல?"

ஸப்ஹா கூரையைப் பார்த்தாள்.

திரும்பி வருகிற வண்டியில் முத்லக் தூங்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

முதலில் மச்சான் தீப் வீட்டுக்குப் போனான். ஸப்ஹாவின் தம்பி, ஊரிலேயே நல்ல உழவன், இரண்டு கோவேறு கழுதைகள் வைத்திருக்கிறான். தீப் கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மச்சான், பதினாறாம் தேதி ஷஃபாவுல அவ்னா," என்றான் முத்லக்.

"அப்படியா. போன வருஷம் என் ஒலிவத் தோப்புக்கு நீ ஏன் வரல?"

"அத்தை மௌத்தாப் போச்சு."

"எந்த அத்தை?"

"அம்மான் அத்தை."

"முந்தாநேத்து அக்காவுக்குப் போன் பண்ணிப் பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கச் சொன்னாளாமே. மண்ணுக்குள்ள சிக்னல் நல்லாக் கிடைக்குதா?"

முத்லக் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில், "நிலம் போயிரும் தீப்," என்றான். "மொத்தமும்."

தீப் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான். "நான் வரேன். ஒரு கண்டிஷன். நீ ஏர் பிடிக்கணும். நீ எப்பப் படுக்கிறியோ, அப்ப என் கழுதைய அவுத்துக்கிட்டுப் போயிருவேன்."

கானிமும் அதையே சொன்னான். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். நாற்பது வருஷத்து அவ்னாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் வைத்தார்கள். எந்த வருஷம் எந்தப் பக்கம் இடுப்பு வலித்தது என்பது ஊருக்கு மனப்பாடமாக இருந்தது. முத்லக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மூன்று நாளில் இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினான். இவ்வளவு தூரம் அவன் நடந்தது கல்யாண ஊர்வலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பதினாறாம் தேதி காலை ஏழு மணிக்கு சரிவில் பத்தொன்பது பேர் நின்றார்கள். ஏழு கோவேறு கழுதைகள், மண்வெட்டிகள், விதைச் சாக்குகள். பாசத்தில் வந்தவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் அபூ நோம் ஏர் பிடிப்பதைப் பார்க்க வந்தவர்கள். சிலர் கைபேசியைத் தயாராக வைத்திருந்தார்கள். ஸப்ஹா மக்லூபா சோறு ஆக்கிய பெரிய தேக்சாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திறங்கினாள்.

முத்லக் ஓட்டிய முதல் சால் பாம்பு போன தடம்போல வளைந்து வளைந்து போயிற்று. பாதி வழியில் கழுதையே நின்று திரும்பிப் பார்த்தது.

"மாமனார் வீட்டுக்கா வழி தேடுற?" என்று கத்தினான் கானிம்.

"நேரா ஓட்டு அபூ நோம். எதிர்ல மெத்த இருக்குன்னு நெனச்சுக்க," என்றான் இன்னொருவன்.

"அத்தை எப்படி இருக்கா? நாலாவது அடக்கம் எப்ப?"

அவன் கழுதையைத் தட்டி ஓட்டினான். ஒன்பது மணிக்கு உள்ளங்கை கொப்பளித்தது. பத்து மணிக்குக் கொப்பளம் உடைந்தது. ஸப்ஹா முக்காட்டுத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். பதினொரு மணிக்கு அவன் சால் கொஞ்சம் நேராக வந்தது. கேலி செய்தவர்கள் களைத்துப்போய் வேலையைப் பார்த்தார்கள். தீப் ஒருமுறை பக்கத்தில் வந்து அவன் ஏர்ப்பிடியைச் சரியாகப் பிடிக்க வைத்துவிட்டுப் போனான். ஒன்றரை மணிக்கு எண்ணிப் பார்த்தபோது ஏழு தூனம் ஆகியிருந்தது. தான் காலையிலிருந்து ஒருமுறைகூட உட்காரவில்லை என்பது முத்லக்கிற்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தான், அது வெட்கமாக இருந்தது.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில் பஸ் பக்கமிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். யிஷாயும் பன்னிரண்டு பையன்களும். யிஷாயைத் தவிர எல்லோரும் முகத்தைச் சட்டையால் மூடியிருந்தார்கள். கையில் தடி, பையில் கல். முதல் கல் தேக்சாவில் பட்டது, இரண்டாவது கானிமின் தோளில். ஒரு பையன் பெப்பர் ஸ்ப்ரேயைத் தீப்பின் கழுதை ஒன்றின் கண்ணில் அடித்தான். அது ஏரோடு பிய்த்துக்கொண்டு ஓடி, கல் சுவரில் மோதி முன்னங்காலை உடைத்துக்கொண்டது. தீப் அதைப் பிடிக்க ஓடினான். அப்போதுதான் ஒரு கல் அவன் நெற்றியில் விழுந்தது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை நெற்றியில் வைத்து, கையைப் பார்த்தான்.

முத்லக் அவனை இழுத்துக்கொண்டு போய்த் தன் உடம்பால் மறைத்தான். முதுகில் இரண்டு தடியடி விழுந்தது. அந்த நிலையிலும் அவன் கத்தியது ஒன்றுதான். "எங்கிட்ட தேதி இருக்குடா. ராணுவம் கொடுத்த தேதி."

பத்து நிமிஷத்தில் ராணுவ ஜீப் வந்தது. வந்தவர்கள் நேரே உழுதுகொண்டிருந்தவர்களிடம் வந்து, கலவரம் ஆகாமல் இருக்க எல்லோரும் உடனே கலையுங்கள் என்றார்கள். பையன்கள் நடந்து மேலே போனார்கள். யாரும் அவர்களை நிறுத்தவில்லை. யிஷாய் போகிற வழியில் ஒரு சிப்பாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மருத்துவ நிலையத்தில் தீப்புக்கு எட்டுத் தையல். ஸப்ஹா தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முத்லக் சுவரோரமாக நின்றான். நாற்காலி காலியாக இருந்தது, அவன் உட்காரவில்லை. கழுதையை அங்கேயே ஒரு சிப்பாயை விட்டுச் சுட வேண்டியதாகிவிட்டது.

"என்னால ஆச்சு," என்றான் முத்லக். "மூணு வருஷம் ஒழுங்கா உழுதிருந்தா..."

"ஆமா, உன்னாலதான்," என்றான் தீப், ஊசி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு. "இதுல என்ன சந்தேகம். நாளைக்கு எத்தன மணிக்கு?"

"நீ வர வேணாம்."

"இன்னும் நாலு தூனம் இருக்கு. உன்ன நம்பி விட்டா நாலு பக்கமும் கோடு போட்டுட்டு வந்து படுத்துக்குவ."

அந்த நாலு தூனத்தின் கதி என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். டிசம்பர் கடைசியில் படம் எடுத்தார்கள். பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. இருபதில் ஏழு, பாதிக்குக் குறைவு, மொத்தமும் அரசாங்க நிலம். நிஸ்ரீன் மேல்முறையீடு போட்டாள், போட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போது முளைத்து வந்த அந்த ஏழு தூனம் பார்லியை யிஷாயின் ஆடுகள் மேய்கின்றன. முத்லக் விதைத்த ஒரே பயிர் அது, நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அறிவிப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். பதினேழாம் தேதி காலையைப் பற்றித்தான் சொல்வார்கள்.

அன்று ஏழு மணிக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். முதல் நாள் வராதவர்களும் வந்திருந்தார்கள். நெற்றியில் பெரிய கட்டோடு தீப் மிஞ்சிய கழுதையைப் பத்திக்கொண்டு வந்தான். கைபேசியை யாரும் எடுக்கவில்லை, கேலியும் இல்லை. நாலு தூனம், முப்பத்தொரு பேர், மதியத்துக்குள் முடிந்துவிடும். எல்லோருக்கும் முன்னால் முத்லக் நடந்தான், கையில் கட்டோடு, ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு.

நிலத்தின் விளிம்பில் இரண்டு ஜீப் நின்றது. இளம் அதிகாரி ஒருவன் காகிதத்தை நீட்டினான். முகத்தில் இன்னும் பரு மாறாத வயது, மரியாதையான பேச்சு. நேற்று நடந்த கலவரத்தால் இந்தச் சரிவு இருபத்திநாலு மணி நேரத்துக்கு மூடப்பட்ட ராணுவப் பகுதி. யாரும் உள்ளே போகக் கூடாது.

"எனக்கு இன்னைக்குத் தேதி இருக்கு சார்," என்று எபிரேயத்தில் சொன்னான் முத்லக். "உங்க ஆபீஸ் கொடுத்த சீட்டு. பதினாறு, பதினேழு."

"தெரியும். இது அதுக்கப்புறம் வந்த உத்தரவு."

"அப்ப நாளைக்கு உழுறேன்."

"நாளைக்கு உங்களுக்குத் தேதி இல்லையே."

முத்லக் நிஸ்ரீனுக்குப் போன் போட்டு அதிகாரியிடம் நீட்டினான். அவன் ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டு, மன்னிக்கணும் மேடம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். மேலே பஸ்ஸின் நிழலில் யிஷாய் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாலே தூனம் சார்," என்றான் முத்லக். "மத்தவங்க எல்லாரும் இங்கயே நிக்கட்டும். நான் ஒருத்தன் மட்டும் உள்ள போறேன்."

"முடியாது."

"மதியம் வரைக்கும். உங்க ஆள் ரெண்டு பேர் துப்பாக்கியோட என் பக்கத்துலயே நிக்கட்டும். நான் தலையக்கூட நிமிர மாட்டேன்."

"முடியாதுங்க."

"அப்ப ரெண்டு மணி நேரம். உங்க கால்ல வேணா விழறேன் தம்பி. என்னைய வேல செய்ய விடுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. பின்னால் முப்பது பேர் நின்றார்கள். எபிரேயம் தெரியாதவன் ஒருவனும் அதில் இல்லை, ஊரே டெல் அவீவுக்குக் கட்டட வேலைக்குப் போனதுதான். நாற்பது வருஷமாக ஊர் காத்திருந்த வார்த்தை அது. கானிமின் கடையில் பத்து வருஷம் வைத்துச் சிரிக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸப்ஹா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரிக்கு அவனைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசுவதுபோலச் சொன்னான்.

"வயசாச்சு ஐயா உங்களுக்கு. எதுக்கு இவ்வளவு கஷ்டம்? வீட்டுக்குப் போய் நல்லா படுத்துத் தூங்குங்க."

முத்லக் அழுதான். ஏரைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்தில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். அதிகாரி சங்கடப்பட்டு ஜீப் பக்கம் போய்விட்டான்.

தீப் வந்து அவன் தோளிலிருந்து ஏரை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"வா மச்சான். போகலாம்."

"எங்க?"

"வீட்டுக்கு."

"எனக்குத் தூக்கம் வரலடா," என்றான் முத்லக்.